நாற்காலியில் போகும் இரண்டு நாள்

குதிகாலில்தான் முதலில் ஆரம்பிக்கும். அங்கிருந்து ஆடுசதைக்கு ஏறி, முழங்காலுக்குப் பின்னால் வந்து கட்டெறும்புக் கூட்டம்போல மொய்த்துக்கொள்ளும். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் அந்த வலி இறங்காது. வீட்டுக்கு வந்து, செருப்பை உதறிவிட்டு, வெறுந்தரையின் குளிர்ச்சியில் பாதத்தை வைக்கும்போதுதான் அவளை அறியாமல் ஒரு 'அப்பாடா' வரும்.

அன்றைக்கு அந்த அப்பாடா பாதியிலேயே நின்றது.

"அம்மா, டிக்கெட் வந்துடுச்சு. பாக்குறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுக்கோ" என்றாள் மகள்.

மகளுக்கு வீட்டில் வக்கீல் என்று பெயர். படிப்பது என்னவோ கணக்குதான். வாய் மட்டும் நீதிமன்றத்தில் பிறந்தது.

"ஏன், டிக்கெட்டுல பேய் இருக்கா?"

"பாரு, உனக்கே தெரியும்."

போன வாரம் கொழுந்தன் வீட்டுச் சோபாவில் முடிவான விஷயம் இது. அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் சேர்ந்து கடல் பார்க்கப் போவது, அதுவும் விமானத்தில். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஊர் விட்டுப் போனதெல்லாம் சாவு வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான். "நான் வரலை" என்று மூன்று தடவை மறுத்தவள், நான்காவது தடவை "சரி" என்றாள். மறுநாளே சலவைக்கூடத்தில் சூப்பர்வைசரின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாள் லீவு. கண்ணாடிக்குமேல் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, "உனக்கு லீவெல்லாம் எடுக்கத் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே அவர் கையெழுத்துப் போட்டார்.

ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போட்டு அனுப்பும் கூடம் அது. ஈர விரிப்பின் ஒரு மூலையை அவள் பிடிக்க, அடுத்த மூலையை இன்னொருத்தி பிடிக்க, சுருக்கமில்லாமல் இழுத்துச் சூடான உருளைக்குள் விட வேண்டும். விட்டதும் அடுத்தது. உருளை நிற்காது, அதனால் அவர்களும் உட்கார முடியாது. அந்தக் கூடத்தில் நாற்காலி என்று ஒன்று இருந்தால் அது சூப்பர்வைசருடையது.

அங்கே பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தியால் வர முடியாமல் போனால், வேறு ஷிப்டில் இருக்கிறவள் வந்து அவள் இடத்தில் நிற்பாள். அதற்குப் பெயர் 'நின்னு கொடுக்கறது'. காசு கை மாறாது. வாங்கிக்கொண்டவள் பிறகு ஒரு நாள் திருப்பி நிற்க வேண்டும். அது எந்த நாள் என்று சொல்வது நின்று கொடுத்தவள். வாங்கிக்கொண்டவளுக்கு அதில் வாய் கிடையாது.

போன வருடம் கணவர் வேலையிடத்தில் முழங்கால் பிசகிப் படுத்தபோது, இரவு ஷிப்டில் இருக்கும், எல்லாரும் நெட்டை என்று கூப்பிடுகிறவள்தான் அவளுக்காக நின்றாள். ராத்திரி முழுக்கத் தன் வேலையைப் பார்த்துவிட்டு, விடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் அப்படியே இவள் இடத்துக்கு நகர்ந்தாள். நான்கு பகல். இதுவரை அதைத் திருப்பிக் கேட்கவில்லை. ஷிப்டு மாறும்போது எதிர்ப்பட்டால் சிரிப்பாள், அவ்வளவுதான்.

இப்போது மகள் நீட்டிய போனை அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கிளம்புகிறது. நடுவில் பெயர் தெரியாத ஓர் ஊரில் இறக்கிவிடுகிறது. ராத்திரி முழுக்க அங்கேயே காத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம்தான் கடல் ஊர். திரும்பும்போதும் இதே கூத்து. சனிக்கிழமை சாயங்காலம் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடு.

"பையும் கிடையாதும்மா. கையில தூக்குற ஒரு சின்னப் பை மட்டும். தண்ணி கேட்டாக்கூட காசு" என்றாள் வக்கீல்.

"அவங்களுக்கும் இதேதானா?"

"சித்தப்பாவுக்கா? அவங்க வியாழக்கிழமை காலைல ஏறி, காபி ஆறுறதுக்குள்ள அங்க இறங்கிடுவாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தான் திரும்புறாங்க. நாம அங்க போய்ச் சேரும்போது அவங்களுக்கு முதுகுத்தோல் உரிஞ்சிருக்கும்."

அவள் விரல்விட்டு எண்ணவில்லை. எண்ணாமலே தெரிந்தது. நான்கு நாளில் இரண்டு நாள் நாற்காலியில் போகிறது. இருபது வருடம் நின்றதற்குக் கிடைத்த நான்கு நாள்.

உடனே ஓரகத்திக்குப் போன் போட்டாள். சின்னவள் வங்கியில் வேலை பார்க்கிறவள். பேச்சும் எண்ணிப் போட்டதுபோல்தான் வரும்.

"அக்கா, நான் ஆறு பேருக்கும் காலை விமானம்தான் எடுத்து வச்சேன். நேத்து ராத்திரி மாமா போன் பண்ணி மாத்தச் சொன்னார். உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் சொல்றார்னு நெனச்சேன்."

"உங்க மாமா என்கிட்ட சட்டை பொத்தான் போனா மட்டும்தான் சொல்வார்."

"இன்னிக்கு ராத்திரி வரைக்கும் ரத்து பண்ணலாம்க்கா. காசு முழுசா வந்துடும். நாளைக்குன்னா ஒண்ணும் தேறாது."

கழற்றிய செருப்பை மறுபடியும் மாட்டினாள். குதிகால் 'ஐயோ' என்றது. அதை யார் கேட்டார்கள்?

*

கணவர் டைல்ஸ் போடுகிறவர். நான்கு தெரு தள்ளி, பாதி கட்டி முடித்த வீட்டின் மூன்றாவது மாடியில் அந்த வாரம் வேலை. கைப்பிடி வைக்காத படிகளில் சுவரைத் தடவிக்கொண்டே ஏறினாள். சிமெண்டுத் தூசியில் அவர் ஒருவருடைய கால் தடம் மட்டும் போய்வந்திருந்தது.

குளியலறைக்குள் அவர் வாசலுக்கு முதுகு காட்டி முட்டி போட்டிருந்தார். மூலையிலிருந்து ஆரம்பித்துப் பின்வாங்கிப் பின்வாங்கி வாசல்வரை வந்திருந்தார். பசையைக் கரணையால் இழுத்துப் பரப்புவதும், டைலை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டுவதும், ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பதும் ஒரே மூச்சில் நடந்துகொண்டிருந்தன.

"யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

அவர் திரும்பவில்லை. "பசை இறுகிடும். வீட்டுக்கு வந்து பேசறேன்."

"இறுகட்டும். நான் இங்கயே பேசறேன்."

"அந்த ஸ்பேசரை எடு."

டைல்களுக்கு நடுவே இடைவெளிக்கு வைக்கும் அந்தப் பிளாஸ்டிக் துண்டைக் கோபத்தோடுதான் எடுத்துக் கொடுத்தாள். இருபது வருடத்துப் பழக்கம், கை தானாக நீண்டுவிட்டது. அதுவே அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"வித்தியாசம் எவ்வளவுன்னு தெரியுமா உனக்கு?" அவர் டைலைத் தட்டிக்கொண்டே சொன்னார். "இந்தத் தரை முழுசும். நான் இங்க மூணு நாளா முட்டி தேயற காசு. அதை ஒன்றரை மணி நேரத்துல வானத்துல விட்டுட்டு வரச் சொல்றியா?"

"அதுக்கு ராத்திரி முழுக்க நாற்காலியில உட்கார வைப்பீங்களா?"

"உட்காரத்தானே போறோம்? மூட்டையா தூக்கப்போறோம்? நமக்கெல்லாம் உட்காருறதே லீவுதான்."

அதைச் சொல்லிவிட்டு அவர் லேசாகச் சிரிக்கவும் செய்தார். அந்தச் சிரிப்புதான் அவளைக் கொளுத்தியது.

அவருக்குக் கூலி சதுர அடிக்கு. இரண்டு நாளில் முடித்தாலும் நான்கு நாளில் முடித்தாலும் தரைக்குத் தரைதான் கணக்கு. போகிற பொழுதுக்கு யாரும் காசு கொடுத்ததும் இல்லை, பிடித்ததும் இல்லை. அதனால் பொழுது அவருக்குக் குழாய்த் தண்ணீர் மாதிரி. அவளுக்கு அப்படி இல்லை. வாசலில் அட்டையைத் தேய்த்துவிட்டு உள்ளே போகிறவள் அவள். கொஞ்சம் பிந்தினால் பிடித்துக்கொள்வார்கள். அவளுடைய ஒவ்வொரு மணிக்கும் ஒரு விலை உண்டு. இத்தனை வருடம் ஒரே கட்டிலில் படுத்தும், ஒருவருடைய கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று மற்றவருக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

"உங்களுக்குச் சதுர அடி. எனக்கு மணி" என்றாள். குரல் வெறும் சுவர்களில் மோதித் திரும்பி வந்தது. "என் மணியில ரெண்டு நாளை எடுத்து, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, யாரோ ஒரு விமானக்காரனுக்குத் தானம் பண்ணிட்டு வந்திருக்கீங்க. உங்க டைலை நான் எடுத்து ரோட்டுல போற எவனுக்காவது கொடுத்தா சும்மா இருப்பீங்களா?"

சுத்தியல் ஒரு நொடி நின்றது.

"லீவு கூட ஒரு நாள் சேத்துக் கேளேன்."

"கேட்டா கொடுக்க அது என்ன மாமனார் வீடா?"

கடைசி டைலையும் வைத்துத் தட்டிவிட்டு, அவர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. நிலையைப் பிடித்தார். கை வழுக்கியது. வாளியின் விளிம்பைப் பிடித்தார். வாளி நகர்ந்தது. வலது முழங்கால் மடங்கியது மடங்கியபடியே இருந்தது, அடுத்தவர் கால்போல.

அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். பசையும் வியர்வையும் அவள் புடவையில் ஒட்டின.

"மரத்துப்போச்சு. அவ்வளவுதான்" என்றார்.

"எத்தனை நாளா?"

அவர் கையிலிருந்த பசையைத் துணியில் துடைத்தார்.

"இந்த முட்டியை வச்சுக்கிட்டு அந்த இடுக்குல ராத்திரி முழுக்க உட்காரப் போறீங்க? விடிஞ்சதும் கடலுக்கு எப்படி வருவீங்க, உருண்டா?"

அவர் சுவரில் சாய்ந்து காலை மெல்ல நீட்டினார். சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்ததைச் சொன்னார்.

"தம்பிதான் அந்த டிக்கெட்டைக் கண்டுபிடிச்சு அனுப்பினான். 'அண்ணே, உங்களுக்கு இதுவே போதும், நீங்க எங்க சாஞ்சாலும் தூங்கிடுவீங்க, எதுக்கு வீண் செலவு'ன்னான். நியாயமாத்தானே பட்டுச்சு."

"நியாயமா." அவள் அந்த வார்த்தையை மட்டும் திருப்பிச் சொன்னாள். பிறகு, "கையைக் கழுவுங்க. போலாம்" என்றாள்.

"எங்க?"

"நியாயத்தைப் பார்த்துட்டு வரலாம்."

*

கொழுந்தன் வீட்டுக் கூடத்தில் புதுப் பெட்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. கடையில் ஒட்டிய காகிதத்தைக்கூட இன்னும் உரிக்கவில்லை. அவருடைய ஒரே மகன் அதன்மேல் குதிரை ஏறிக்கொண்டிருந்தான். கணவர் அந்தத் தாழ்வான சோபாவில் போய் உட்கார்ந்தார். அவள் உட்காரவில்லை. நின்றே பழகியவள். அதுவும் அன்றைக்கு உட்கார்ந்தால் பேச்சு இறங்கிவிடும் என்று தோன்றியது.

"வாங்க அண்ணி. என்ன, ரெண்டு பேரும் திடீர்னு? டீ போடச் சொல்லட்டா?"

"டீ இருக்கட்டும் தம்பி. அண்ணனுக்கு ஒரு விமானம், உனக்கு ஒரு விமானம். ஏன்னு கேக்க வந்தேன்."

கொழுந்தன் இன்சூரன்ஸ் ஆபீஸில் மேலாளர். யார் எவ்வளவு சத்தம் போட்டாலும் முகம் மாறாமல் கேட்கத் தெரிந்தவர். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

"அண்ணி, நான் உங்க நல்லதுக்குத்தான் பார்த்தேன். எங்களுக்கு வேற வழியில்ல. எனக்கு முதுகு பிடிச்சுக்கும், பையனுக்குத் தூக்கம் கெட்டா ரெண்டு நாள் ஆட்டம் காட்டுவான். உங்களுக்கு அப்படி இல்லையே. நிக்கிறது, முழிக்கிறது, கெடச்ச எடத்துல படுக்கறது, இதெல்லாம் உங்களுக்குப் பழக்கம்தானே?"

சமையலறை வாசலில் நின்ற சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பழக்கம்னா வலிக்காதுன்னு யாருப்பா உனக்குச் சொன்னது?"

"அண்ணி, நான் அந்த அர்த்தத்துல..."

"வேற எந்த அர்த்தத்துல? பழக்கம்னா வலிச்சாலும் மறுநாள் வேலைக்குப் போறோம்னு அர்த்தம். போகலைன்னா உலை வைக்க முடியாது, அதனால போறோம். லீவு நாளுக்கும் அதையே பொட்டலம் கட்டி எடுத்துட்டுப் போகணுமா? நீ ஓய்வெடுக்கறதுக்கு விமானம் பிடிப்பே. நாங்க ஓய்வெடுக்கறதுக்கும் ஷிப்டு பார்க்கணும், அப்படித்தானே?"

"சத்தம் போடாதீங்க அண்ணி, பக்கத்து வீட்ல..."

"பக்கத்து வீட்டுக்காரனையும் கூப்பிடு. அவனுக்கும் பழக்கமான்னு கேப்போம்."

கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பளபளவென்ற பெரிய டைல்கள். அவர் கையால் போட்டது, தம்பி வீடு என்று கூலி வாங்காமல்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியதும் அது இன்னும் கூர்மையானது.

"சரி தம்பி. ஒண்ணு பண்ணலாம். எங்களுக்கு மாத்த வேண்டாம். ராத்திரி அங்க உக்காந்து வர்றது ஒண்ணும் பெரிய கஷ்டமில்லன்னு நீதானே சொல்றே. அப்ப நீயும் உங்க அண்ணனுக்குத் துணையா அதுலயே வா. அண்ணனும் தம்பியும் பேசி எத்தனை நாளாச்சு? ராத்திரி பூரா பேசிக்கிட்டு வாங்க."

கணவர் தலையைத் தூக்கினார். தம்பியைப் பார்த்தார்.

அவள் அந்தப் பார்வையைக் கவனித்தாள். அதில் கோபமே இல்லை. 'வரேண்ணே' என்று ஒரு வார்த்தை வந்தால் போதும் என்கிற பார்வை. அவன் வர வேண்டியதுகூட இல்லை. சொன்னால் போதும்.

கொழுந்தன் போனை எடுத்துப் பார்த்தார். அதில் ஒன்றும் வந்திருக்கவில்லை.

"இல்ல அண்ணி... வெள்ளிக்கிழமை காலைல எனக்கு ஆபீஸ்ல இருந்து ஒரு போன் வரும். தூக்கம் இல்லாம அதுல பேச முடியாது."

சின்னப் பையன் பெட்டியிலிருந்து இறங்கி அம்மாவிடம் ஓடினான்.

கணவர் சோபாவிலிருந்து எழுந்தார். எழுந்தார் என்று சொல்லக் கூடாது. ஒரு தடவை முயன்று உட்கார்ந்தார். இரண்டாவது தடவை கைப்பிடியை அழுத்தி எழும்பி, பாதியில் மறுபடி விழுந்தார். மூன்றாவது தடவைதான் நின்றார். அவள் வேண்டுமென்றே கை கொடுக்கவில்லை. தம்பி பார்க்கட்டும் என்று விட்டாள். தம்பி பார்த்தார்.

"அம்மா" என்று கணவர் சின்னவளைக் கூப்பிட்டார். "எங்க மூணு பேருக்கும் காலை விமானமே போட்டுடு. பழசை ரத்து பண்ணிடு."

"அண்ணே, கோவப்படாதீங்க. வித்தியாசத்தை வேணா நான்..."

"வேண்டாம்." திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "இன்னொரு பாத்ரூம் தரை போட்டா தீர்ந்துடும்."

"நீங்க ஒரு தரையும் போட வேண்டாம்" என்றாள் அவள். "ஞாயித்துக்கிழமைகள்ல கூடுதல் ஷிப்டு இருக்கு. வித்தியாசத்தை நான் நின்னு அடைக்கிறேன். உங்க முட்டி மிச்சம் இருந்தா அதைக் கடல்ல நனைங்க."

சின்னவள் மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்தாள். பழைய டிக்கெட்டை முதலில் ரத்து செய்தாள். புதியதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நிமிர்ந்து பெரியவளைப் பார்த்தாள். மாமாவைப் பார்க்கவில்லை, தன் கணவரையும் பார்க்கவில்லை.

"அக்கா, இந்த விலைக்கு இதை மாத்தவும் முடியாது, ரத்து பண்ணவும் முடியாது. தேதியெல்லாம் உறுதிதானே? போடவா?"

"கையெழுத்து வாங்கிட்டேன். போடு."

போட்டாள். பெரியவளின் போனில் மூன்று டிக்கெட்டும் வந்து விழுந்த சத்தம் கேட்டது. பிறகு சின்னவள் மெல்ல, "எனக்கும் முதல்லயே உங்களுக்குப் போன் பண்ணத் தோணியிருக்கணும்க்கா" என்றாள்.

"தோணியிருக்கணும்" என்றாள் பெரியவள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அன்றைக்கு அந்த வார்த்தை அவளிடம் இல்லை.

*

பஸ் நிறுத்தத்தில் இரும்பு இருக்கை ஒன்று காலியாக இருந்தது. இருவரும் உட்கார்ந்தார்கள். அவர் காலை நீட்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். வேலை விட்டு வருகிறவர்களின் கூட்டம் அந்தக் காலைத் தாண்டித் தாண்டிப் போனது.

"அவன் வரேன்னு சொல்லியிருக்கலாம்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

"நீங்க என்கிட்ட கேட்டிருக்கலாம்."

அவர் தலையாட்டினார். அதற்கு மேல் அவரிடமிருந்து எதிர்பார்க்க முடியாது. அவளுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் அதற்கு நடுவில் ஒரு சின்ன இடம் ஆறியிருந்தது. நான்கு நாள். முழுசாக நான்கு.

"ஜன்னல் பக்கம் யாரு?" என்று கேட்டார்.

"நான்தான். போகும்போதும் வரும்போதும்."

"வக்கீல் வழக்குப் போடுவா."

"போடட்டும். அபராதம் நீங்க கட்டுங்க."

அவள் போன் அடித்தது. நெட்டை. அந்த நேரத்தில் அவள் குளித்து ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். போன் பண்ணுகிற வழக்கமே இல்லாதவள்.

"என்னடி நெட்டை?"

நெட்டை தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அக்கா... என் பையனுக்கு ஆபரேஷன் தேதி கொடுத்துட்டாங்க. ஆறு மாசம் ஆகும்னு சொன்னாங்க இல்ல, யாரோ வரலையாம், அந்த இடத்தை இவனுக்குத் தந்துட்டாங்க. ராத்திரி பக்கத்துல ஒரு ஆள் இருந்தே ஆகணுங்கறாங்க. எனக்கு வேற யாரும் இல்லக்கா. சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன், 'உன் இடத்துல நிக்க ஆள் கொண்டு வா'ன்னுட்டார்."

"எப்ப?"

"உன் லீவுன்னு தெரியும்க்கா. நீ எவ்வளவு ஆசையா வாங்கினேன்னும் தெரியும். கேக்கவே கூடாதுன்னுதான் மத்தியானத்துல இருந்து உக்காந்திருக்கேன். எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். யாரும் ஒத்துக்கல."

"எப்பன்னு சொல்லுடி."

நெட்டை சொன்னாள்.

பஸ் வந்து நின்றது. கணவர் கம்பியைப் பிடித்து எழுந்து, "வா" என்று கை காட்டினார். அவள் போனைக் காதில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். மாற்றவும் முடியாத, ரத்து செய்யவும் முடியாத மூன்று டிக்கெட்டுகள் அதே போனுக்குள் வந்து விழுந்த சத்தம் அவள் காதுக்குள்ளேயே கேட்டது.

நெட்டைக்கு அவள் நிற்க வேண்டியது நான்கு இரவு. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு.